காண்க: கச்சான்

பழைய பட்டியலைப் பாமினியில் அடித்து வைத்திருந்தார்கள்.
புதுக் கணினியில் திறந்தேன்.
பதினோராயிரம் நூல்களும்
ஆங்கில எழுத்தாய் உடைந்து கொட்டின,
கருவாட்டுச் சாக்கை உதறினால் செதில் கொட்டுமே, அப்படி.
மாற்றி எடுக்க மாரி முழுதும் போயிற்று.
ஸ்ரீ மட்டும் கடைசிவரை மாற மறுத்தது.
ஒவ்வொன்றாய்க் கையால் திருத்தினேன்.

தை பிறந்து தேடல் பெட்டியைத் திறந்துவிட்டோம்:
வாசலில் ஒரு மேசை, ஒரு திரை,
வெள்ளை ஸ்டிக்கரில் எழுத்தொட்டிய விசைப்பலகை.
முதலில் எட்டிப் பார்த்தது
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று.
ஜெஸீமா மேடம் விரட்டினா:
"அதுக்கு அங்கத்துவ அட்டை இல்ல."

மாலையில் கதவு சாத்தியபின்
நான் வாசிப்பது புத்தகமல்ல, பதிவேடு.
இன்று யார் என்ன தேடினார்கள்,
எதற்கெல்லாம் 'முடிவுகள் இல்லை' என்று
இந்தப் பெட்டி கைவிரித்தது.

சீனி வருத்தம். இல்லை.
(நீரிழிவு என்று ஏழு நூல்
இரண்டாம் தட்டில் தூசி தின்கிறது.)
கொறிய மொளி.
கொரிய மொளி.
கொரிய மொழி கெதியாப் படிக்க.
ஒரே ஆள்தான். நாலு நிமிடத்துக்குள் மூன்று தரம்.
காணி உறுதி துலைஞ்சா என்ன செய்யிறது.
இதற்கு நானும் கைவிரித்தேன்.

கச்சான் என்று தேடியவருக்கு மட்டும்
ஒரு முடிவு கிடைத்திருந்தது:
'நிலக்கடலைச் செய்கை, வழிகாட்டி.'
மறுநாள் அவரே வந்தார்,
திருக்கடலூர்க் கெங்காதரன்,
சறத்தில் டீசல் மணக்க.
"தம்பி, நான் கேட்டது காத்து.
காத்தைக் கேட்டா உங்கட பெட்டி கடலை தருகுது."
சொன்னபிறகுதான் அவருக்கே விளங்கி
வாய்விட்டுச் சிரித்தார்.
காற்றைக் கேட்டால் கடலைத் தராமல்
வேறென்ன தருமாம்.

551.518. பருவக்காற்றுகள்.
அதன் கீழே நான் சேர்த்தேன்:
கச்சான், வாடை, கொண்டல், சோளகம்,
பிழையாய் எழுதினாலும் பிடிபடச்
சோழகம், சொளகம்.
நீரிழிவுக்குச் சீனி வருத்தத்தையும் கட்டினேன்.
பேச்சில் ஓடும் சொல்லுக்கும்
அலமாரியில் உறையும் சொல்லுக்கும் நடுவே
கிண்ணியாப் பாலம்போல ஒரு 'காண்க'.

பிறகு கணக்கெடுப்பு.
மென்பொருளில் ஒரு நூலுக்கு நாலு நிலை:
இருப்பில், இரவலில், பழுது, காணாமல் போனது.
காணாமல் போய் மூன்றாண்டு கடந்தால்
பதிவழிக்கலாம் என்கிறது சுற்றறிக்கை.
இருநூற்றுப் பதினான்கு.
பட்டியலைத் தெரிந்து, பொத்தானில் விரல் வைத்திருந்தேன்.

நிலம் துடைத்துக்கொண்டிருந்த தங்கேஸ்வரி அக்கா
திரையைப் பார்த்தா.
கன நேரம் பார்த்தா.
"போனது எண்டு எழுதாதீங்க தம்பி.
தானா எழும்பி நடந்து போகுமா புத்தகம்?"
வேறொன்றும் சொல்லவில்லை.
வாளித் தண்ணியை மாற்றப் போயிட்டா.

நிலைகளின் பெயரை மாற்ற
எனக்கு அனுமதி இருந்தது, இருபது எழுத்துக்குள்.
'தேடப்படுகிறது' என்று அடித்தேன்.

கணக்காய்வாளர் பங்குனியில் வந்தார்.
"தேடிக்கொண்டிருப்பதை எப்படிப் பதிவழிப்பது?"
மேடம் அவருக்குத் தேத்தண்ணி நீட்டினா.
"ஏலாதுதான் சேர்."
கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.
என்ன எழுதினார் என்று
இன்றுவரை தெரியாது.

போன கிழமை, தையற்கலைத் தட்டின் பின்னால்,
சுவரோடு சுவராய்
ஒரு கேத்திரகணித நூல்.
கோட்டுக்குறியில் கருவியை வைத்தேன்.
வழக்கமான குறுஞ்சத்தம் இல்லை, நீளமாய்க் கூவிற்று.
திரை சிவந்தது: தேடப்படுகிறது.

"எங்க கிடந்தது?"
"தையலுக்குப் பின்னால."
"கிட்டத்தான்" என்றா அக்கா.
தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு
அட்டையை முந்தானையால் துடைத்தா,
முன்னும் பின்னும், முதுகும்.

இருநூற்றுப் பதின்மூன்று.