கடந்த இரண்டு வாரங்களில்

புன்டா அரீனாஸில் ஜூலை.
ஒன்பது மணிக்கும் விடியவில்லை.
குழல்விளக்கின் கீழ் ஐந்தாம் வகுப்பு,
பாதிப் பேர் இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.

தாளுக்கு இருபது சொற்கள்:
உற்சாகம், வெட்கம், பெருமிதம், பயம்...
ஒன்று என்றால் துளியும் இல்லை,
ஐந்து என்றால் ரொம்ப ரொம்ப.
சரி, தவறு எதுவும் கிடையாது என்றேன்.
யாரும் நம்பவில்லை,
முழங்கையால் மறைத்துக்கொண்டே வட்டமிட்டார்கள்.

ரொசௌரா கை தூக்கினாள்:
யாரும் பார்க்காதபோது வந்த பெருமிதம்
கணக்கில் சேருமா?
சேரும் என்றேன்.
கையேட்டில் அப்படி எதுவும் இல்லை.

யெர்கோ,
மகிழ்ச்சிக்கு ஐந்து.
சோகத்துக்கும் ஐந்து.
தனிமைக்கு வட்டம் போட்டு, அழித்து,
போட்டு, அழித்து,
எண்கள் இருந்த இடத்தில் ஓட்டை.

இரவு. விடுதியின் தகரக் கூரையைக்
காற்று பிறாண்டிக்கொண்டிருக்கிறது.
நேர்மறைக்கு ஒரு பத்தி, எதிர்மறைக்கு ஒரு பத்தி.
தட்டச்சு செய்த கணத்திலேயே
யெர்கோவின் வரிசை சிவக்கிறது:
முரண்பட்ட பதில். நீக்கவா?

மணி அடித்தபின்,
ஷூ நாடாவைக் கட்டியபடி அவன் சொன்னது:
'நண்டுப் படகிலேர்ந்து அப்பா வந்தார், மிஸ்.
புதன்கிழமை.'
இன்னொரு காலையும் கட்டி முடித்துவிட்டு,
'வியாழக்கிழமை போயிட்டார்.'

நீக்கவில்லை.
சேமிக்கவும் இல்லை.

தாள்களை அடுக்கும்போது
அந்த ஓட்டைக்குள் ஒரு வட்டம் தெரிகிறது.
அடியிலிருக்கும் பிள்ளையின் தனிமை.
இரண்டு.
தூக்கக் கலக்கத்தில்
அதை இவன் கணக்கில் எழுதிவிடுவேனோ என்று
யெர்கோவின் தாளை மட்டும்
மேசையின் மறுபக்கம் வைக்கிறேன்,
தனியாக.