தடை ஏதுமில்லை

காலை ஒன்பதேகால்.
ஓலு நகரத்துக்கு இன்னும் விடியவில்லை.
நான்காம் மாடியில் ஏழு பேர்
அரைவட்டமாக நிற்கிறார்கள்.
உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம்.
நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன.
ஆளுக்கு ஒரு நிமிடம்.

எட்டாவது ஆள் நான்.
எனக்கு மட்டும் நாற்காலி உண்டு.
மடியில் நோட்டு, நோட்டில் கட்டங்கள்:
யார், எந்தச் செயலி, எத்தனை நிமிடம்,
வேலைக்கா, வெறுமனேயா.

"தடை ஏதுமில்லை" என்கிறார் இல்ப்போ.
"இல்லை" என்கிறாள் ஹென்ரீக்கா.
யார்க்கோ தலையை மட்டும் ஆட்டுகிறான்.
இந்த ஊரில் அது ஒரு முழு வாக்கியம்.
கேள்வி கேட்பவள் சாய்யா;
கடைசியில் அவளே சொல்லிக்கொள்வாள்:
"எனக்கும் இல்லை."

சம்மதப் படிவத்தில் ஏழு கையெழுத்து.
பகலெல்லாம் அவர்கள் கைபேசி நடந்த தடம்
இரவில் என் கணினிக்கு வந்து சேரும்.
இல்ப்போ, ஒரு நாளைக்கு முப்பத்தொரு முறை.
பாதி, ஏரிப்பனியில் துளையிட்டு
மீனுக்குக் காத்திருப்பவர்களின் காணொளி.
ஹென்ரீக்கா இரண்டு நாள் முட்டிக்கொண்ட பிழையை
முகம் தெரியாத பிரேசில்காரன் ஒருவன்
மூன்று வரியில் அவிழ்த்துவிட்டான்.
அதை வேலை என்று போட்டேன்.
நன்றிக்கு அவன் பூனையின் ஏழு படங்களைப்
பார்த்து முடித்தாளே,
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

மூன்றாம் வாரம் அந்தக் கொக்கு வந்தது.
'ஒற்றைக்கால் கொக்கு' என்றொரு கணக்கு.
பெயரில்லை, ஊரில்லை, கோட்டோவியம் மட்டும்.
அரைவட்டமாக நிற்கும் கொக்குகள்,
எல்லாம் ஒரே காலில்.
கீழே ஒரு வரி:
"வெள்ளிக்கிழமை இது விழும். எல்லோருக்கும் தெரியும்."

ஆறு இதயங்கள்.
புனைபெயர்களில் ஆறு பேர்,
ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்து.
என்னிடம் நேரங்கள் இருந்தன; பொருத்திப் பார்த்தேன்.
ஏழாவது ஆள்
தன் படத்துக்குத் தானே இதயம் போடமாட்டாள்.

வியாழன், ஏலக்காய் ரொட்டியோடு காபி.
"ஏதாவது கண்டுபிடித்தாயா?" என்றாள் சாய்யா.
நகத்தோரம் கறுப்பு மை.
பிரிவு நான்கு: ஆய்வாளர்
குழுவின் பணியில் தலையிடமாட்டார்.
அதை எழுதியது நான்தான்.
ரொட்டியை மெதுவாக மென்றேன்.
"மாதிரி சிறியது" என்றேன்.

அவர்கள் செய்வது கார்களுக்கான செயலி.
குடியிருப்பு வாசலில் நிற்கும் வண்டியின் எஞ்சினுக்கு
விடியுமுன் சூடு ஏற்ற
மின்சாரத்தைத் திறந்துவிடும்.
வெள்ளி மூன்று மணிக்குப் புதிய வடிவம் வெளியானது.
மூன்று ஐம்பதுக்கு விழுந்தது.
வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்து நாலு.

அன்றுதான் முதல்முறை உட்கார்ந்தார்கள்.
யார்க்கோ பேசினான்; நிறையப் பேசினான்.
எந்த வரி, யார் அவசரம்,
செப்டம்பரிலேயே தான் கண்டது.
இல்ப்போ பலகையில் எழுதி அழித்து எழுதினார்,
ஹென்ரீக்கா ஒருமுறை மேசையைக் குத்தினாள்.
நள்ளிரவு வரை ஒரு கைபேசியும் ஒளிரவில்லை.
என் கட்டங்கள் வெற்றாகவே இருந்தன.
அந்த மூன்று வாரத்தில் நான் பார்த்த
ஒரே உரையாடல்
தரவில் இல்லை.

சனிக்கிழமை எங்கள் தெருவில்
ஐந்து கார்கள் கிளம்பவில்லை.
ஒன்று என்னுடையது.

திங்கள், ஒன்பதேகால்.
மறுபடி அரைவட்டம்.
தடை ஏதுமில்லை. இல்லை. தலையாட்டல்.
முடிந்தது என்று நோட்டை மூடும்போது
சாய்யா என் பக்கம் திரும்பினாள்.
"உனக்கு?"

ஏழு முகங்கள்.
நான் எழுந்து நின்றேன்,
ஏன் எழுந்தேனோ தெரியவில்லை.
"தடை ஏதுமில்லை" என்றேன்.

அன்றிரவு கொக்குக்கு
ஏழாவது இதயம் விழுந்தது.
அதை நான் நோட்டில் ஏற்றவில்லை.