தரை என்று மட்டும்

திங்கள் முதல் சனி வரை
துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை
ராஜாம்பாள் டாக்கீஸில் நாற்காலி.

ஏ வரிசையிலிருந்து எம் வரை இருநூற்று எட்டு.
பால்கனியில் நாற்பத்தாறு.
அதில் ஒன்பதைக் கறையான்
உட்கார்ந்து கடைசி ரீல்வரை பார்த்துவிட்டது.
பதினேழு வருஷம் அரிசிக் கிடங்கு.
இன்னமும் சுவரைத் தட்டினால் உமி உதிர்கிறது.

எண்ணூர் ஹைரோட்டில் லாரி திரும்பும்போதெல்லாம்
திரையில்லாத சட்டம் நடுங்கும்.
சாரத்தின் உச்சியில் ஃபெலிசியா
கூரை ஓட்டைக்கு ஒட்டுப் போடுகிறாள்,
வார நாளில் காசிமேட்டுப் படகுகளுக்கு ஃபைபர் பூசுகிற கை.
"படவே ஒழுவாத பாத்துக்கிறேன்,
கொட்டாயி எங்க ஒழுவும்?"
அன்று சாயங்காலமே ஒழுகியது.

குல்சார் பாய் ஒயர் இழுக்கிறார்.
தேசிங்கு இரும்புக் கால்களில் துரு சுரண்டுகிறார்.
கூலி என்று எதுவும் இல்லை.
மூன்று மணிக்கு அத்தோ வரும்,
காரம் அதிகமென்று சண்டை வரும்.

நிரஞ்சன் வந்தான்,
அடையாற்றிலிருந்து இரண்டு ரயில் மாறி,
கட்டட வரைபடத்தின் நகலோடு.
உள்ளது உள்ளபடியே மீட்கவேண்டும் என்பது அவன் கட்சி.
நாற்காலிக்கு எண் போட்டிருந்தது. பெஞ்சுக்கும்.
அதற்கும் முன்னால், திரையின் காலடியில்,
மணல் பரப்பிய ஒரு செவ்வகம்.
அதில்
தரை என்று மட்டும்.

எத்தனை பேர், என்றேன்.
எண்ணிப் பிழைப்பவனின் வியாதி.
தாளைத் திருப்பிப் பார்த்தான். "போடலையே."

தரைக்கும் பெஞ்சுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர்.
தரைக்கு வாசலும் வேறு:
சந்துக்குள்ளே, மூத்திர வாடை அடிக்கிற பக்கம்,
நாலரை அடி உயரம்.
எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

"சுவரையும் எழுப்பணும், அந்த வாசலையும்
அதே அளவுல திறக்கணும்."
தேசிங்கு உப்புத்தாளைக் கீழே வைத்தார்.
"எங்க நைனா குனிஞ்சிதான் உள்ள பூந்தாரு.
குனிஞ்சிதான் வெளிய வந்தாரு.
அத்தத் திரும்பக் கட்டறதுக்கா நானு
ஓவர்டைம வுட்டுட்டு வந்துகீறேன்?"
பாயின் டிரில்லிங் மெஷின் நின்றது.
நிரஞ்சன் தாளைச் சுருட்டினான்,
விரித்தான், மறுபடி சுருட்டினான்.

இரண்டு ஞாயிறு தேசிங்கு வரவில்லை.
மூன்றாவதில் வந்தார், கடப்பாரையோடு.
யாரிடமும் பேசவில்லை.
ஏழாவது அடியில் செங்கல் உள்வாங்கியது.
அடியிலிருந்து பொலபொலவென்று மணல்,
கடற்கரையிலிருந்து வண்டியடித்த மணல் போலிருக்கிறது,
நண்டு ஓடு கிடந்தது.
கொலுசுத் திருகாணி ஒன்று,
சட்டைப் பொத்தான்கள்,
ஓட்டைக் காலணா ஒன்று.
பொத்தான்களை எண்ணினேன். முப்பத்தொன்று.
அதை வைத்து என்ன கணக்குப் போட?

வாசல் திறந்தபிறகும் அவர் நிறுத்தவில்லை.
நிலைக்கு மேலே இன்னும் வரிசை வரிசையாகத் தட்டி எடுத்தார்,
தான் நிமிர்ந்து நிற்கிற உயரம் வரும்வரை.
தேசிங்கு நல்ல நெட்டை.
"உள்ளபடி இல்ல இது" என்றான் நிரஞ்சன்,
விளக்கைப் பிடித்துக்கொண்டு.
பிறகு பென்சிலால் வரைபடத்தில் திருத்தினான்:
ஆறே முக்கால்.
சுவரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி விளக்கைச் சோதித்தோம்.
படம் கிடையாது. வெறும் வெளிச்சம், வெறும் சுவர்.
நாற்காலிக்கெல்லாம் நான் எண் எழுதிய
பெயின்ட் காயவில்லை,
அதனால் மணலில் உட்கார்ந்தோம்.
பதினொரு பேர்.
சந்து வாசல் வழியாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன,
வந்தன, பின்னால் அவர்களைத் தேடிக்கொண்டு யார் யாரோ.
பத்தொன்பது. இருபத்தாறு.
ஒரு பயல் கைவிரலால் சுவரில் நாயை ஓடவிட்டான்,
இன்னொருவன் அதைக் கடிக்க ஒரு முதலையை.
லாரி திரும்பியது. வெளிச்சம் ஆடியது.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

நட்ட நடுவில் ஒரு சொட்டு விழுந்தது.
ஃபெலிசியா மேலே பார்த்து
கெட்டவார்த்தை ஒன்று சொன்னாள்.