ஷகர்மோவுக்கு ஒரு கொட்டை

எனக்கு அவளைப் பிடிக்காது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
கொட்டைகளை எண்ணும்போது
யாரும் என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

பாமிர் மலையில் மார்ச் மாதம்.
பள்ளிக்கூடத்து அடுப்பில் வறட்டி புகைகிறது.
நாற்பத்தொரு வீடு,
வீட்டுக்கொரு ஆப்ரிகாட் கொட்டை,
மேசையில் இரண்டு கிண்ணம்.
இந்த ஆண்டு மிராப் யார் என்று முடிவாக வேண்டும்:
பனியாற்றிலிருந்து ஏழு கிலோமீட்டர்
பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரும் தண்ணீரை
இன்னாருக்கு இத்தனை நாழி என்று
அறுத்துக் கொடுக்கிற நீர்க்கட்டி.

கதம்ஷோ நல்லவன்.
கல்யாணத்தில் அவன் ஆடினால் ஊரே ஆடும்.
ஜீப் வைத்திருக்கிறான்.
மாவட்ட அலுவலகத்தில் அவன் உட்காருமுன்
தேநீர் வந்துவிடுகிறது.
மாஸ்கோவில் என் கணவன் சாரத்திலிருந்து விழுந்தபோது
மருத்துவமனைக்குப் பணம் போகும் வழி கண்டுபிடித்தவன் அவன்தான்.
இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை.
யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது அவனுக்கு.
அதுதான் என் பயம்.
நாற்பத்தொரு பேருக்கும் ‘ஆகட்டும்’ என்று
வாய் சொல்லிவிடும்.
வாய்க்கால் சொல்லாது.

ஷகர்மோவுக்குப் பெயரில் மட்டும்தான் சர்க்கரை.
முந்தைய ஆண்டு ஜூலையில்
கோதுமை பால் பிடிக்கும் நேரம்,
நடு இரவில் வந்து என் மடையை அடைத்தாள்.
இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி என்று கத்தினேன்.
மண்வெட்டியை ஓங்கினேன் என்றுகூடச் சொல்கிறார்கள்.
‘நோட்டில் பன்னிரண்டு’ என்றாள்.
லாந்தரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
மேல்வயல் பாதி பதர்.

ஒன்பது நாள் கழித்து
ரொட்டி சுட எல்லோரும் கூடியிருந்த இடத்தில் வந்து நின்றாள்.
என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை.
‘ஒன்று என்பதைப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன்.
இவள் சொன்னது சரி.’
அவ்வளவுதான்.
வருத்தம் தெரிவிக்கிற முகம்கூட இல்லை.
ஆனால் யாருக்குத் தெரிந்திருக்கும்?
எனக்கே அதற்குள் சந்தேகம் வந்திருந்தது.
நோட்டு இப்போதும் பள்ளிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது;
போய்ப் பாருங்கள்,
பன்னிரண்டை அவள் அடிக்கவில்லை, கிழிக்கவில்லை.
பக்கத்தில் எழுதியிருக்கிறாள்:
தவறு, ஷகர்மோ.
மறுநாள் என் வாசலில் ஒரு மூட்டை மாவு கிடந்தது.
நான் நன்றி சொல்லவில்லை.

தைரியசாலியும் இல்லை அவள்.
மண்சரிவில் கால்வாய் உடைந்தபோது
அந்த விளிம்பில் நான்கு காலில் தவழ்ந்து போனாள்,
பின்னால் வந்த பெண்கள் சிரித்தோம்.
எந்தக் கல் ஆடும் என்று
ஆடு மேய்க்கிற பையன் சுஹ்ரோபிடம்
ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக் கேட்டுப் போனாள்.
போனாள் என்பதைத்தான் இப்போது நினைக்கிறேன்.

சோவியத் காலத்துப் பாடப்புத்தகத்தில்
தலைவர் என்று ஒரு படம் இருக்கும்.
தொலைவை நோக்கிக் கை நீட்டியபடி,
கோட்டு காற்றில் பறக்க.
மனப்பாடம் செய்து வளர்ந்தோம்.
நீட்டிய அந்தக் கையில்
மண்வெட்டி இருந்ததே இல்லை.

என் முறை வந்தது.
கொட்டை உள்ளங்கையில் வியர்த்திருந்தது.
கதம்ஷோ என்னைப் பார்த்துச் சிரித்தான்,
கடன்பட்டவளைப் பார்ப்பதுபோல் அல்ல,
அண்டைவீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல்.
அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.
பட்ட நன்றியை என் கணவன் அடைப்பான், நான் அடைப்பேன்,
ரொட்டியாக, கம்பளிக் காலுறையாக.
ஊர்த் தண்ணீரை எடுத்து
அதை அடைக்க எனக்கு உரிமை இல்லை.
போட்டேன்.
மரக்கிண்ணத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

இருபத்து நான்குக்குப் பதினேழு.
கதம்ஷோ எழுந்து,
சிமெண்ட் ஏற்ற ஜீப் தருகிறேன் என்றான்.
நல்லவன்தான், சொன்னேனே.
ஷகர்மோ யாருக்கும் கைகூப்பவில்லை.
ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

‘உன் மடையில் இடது கரை கசிகிறது.
வெள்ளிக்கிழமைக்குள் அடை.
இல்லையென்றால் பத்து நிமிடம் கழிப்பேன்.’

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன்.
வந்ததும்
மண்வெட்டியைத் தேடினேன்.