பதினேழாம் கலவை

மேட்டூர்ச் சாம்பல் ஆறு பங்கு.
கருப்பூர் வெள்ளைக்கல் தூசி ஒன்றரை.
உருக்காலைக் கசடு, சுண்ணாம்பு வழக்கம்போல.
இந்த முறை
ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைத் திப்பியையும்
காயவைத்துக் கலந்தோம்.
எடை குறையும் என்றாள் அமலோற்பவம்.
கணக்கு அவளுடையது, கடன் என்னுடையது.

அச்சிலிருந்து இறங்கிய கல்
சோப்புக்கட்டி போல இருந்தது.
இருபத்தொரு நாள் தண்ணீர் தெளித்தோம்,
காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர்.

இருபத்திரண்டாம் நாள் விடியலில்
அடுக்கின் ஓரமெல்லாம் குழி குழியாக.
மழையோ என்று அண்ணாந்து பார்த்தேன்.
சேர்வராயன் மேல் ஒரு பொட்டு மேகமில்லை.
அடுக்குக்குப் பின்னால்
பக்கத்துக் காட்டுக் குப்பண்ணனின் செவலை மாடு,
மூக்குவரை சாம்பல் பூசிக்கொண்டு,
திப்பி வாசம் பிடித்து வந்து
இரவெல்லாம் நக்கியே நாற்பது கல்லைக் கரைத்துவிட்டு
நின்று அசைபோட்டது.

குப்பண்ணன் ஓடிவந்தார் சண்டைக்கு:
மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?
நாற்பது கல்லுக்கு யார் பொறுப்பென்று
நான் கேட்கவில்லை.
அமலோற்பவம் நோட்டைத் திறந்தாள்.
அழுத்தம் தாங்கல்: எழுபத்தெட்டு.
நீர் உறிஞ்சல்: பதினெட்டு.
குறிப்பு என்ற கட்டத்தில்
சிரிக்காமல் எழுதினாள்:
மாடு தின்கிறது.

வியாழக்கிழமை வங்கியிலிருந்து வருகிறார்கள்.
குழி விழுந்த கற்களைத் திருப்பி அடுக்கினோம்,
நல்ல முகம் வெளியே தெரிய.

சாயங்காலம் ஏற்காட்டு டெம்போவில்
காப்பித்தோல் பன்னிரண்டு மூட்டை இறங்கியது.
இது கசக்கும், என்றாள்.
நானே ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தேன்.
வேலிக்கு அப்பால்
அது
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.