பிப்ரவரி சொல்லட்டும்

மூன்று நாளாய் முன்சக்கரம் ஒரே கூச்சல்.
பெத்தெஸ்டா குவாரிப் பாதையில் ஏறிய கல்,
பட்டாணி அளவு,
டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே.

“வெட்டி எறி, நெஸ்டா” என்றான் மெர்ஃபின்.
“பெயர்தான் காப்புத் தகடு.
காப்பதெல்லாம் கல்லைத்தான்.”

சுரண்டினேன்.
இடப்பக்கத்துத் தகடு அப்பளமாய்க் கையோடு வந்தது.
வலப்பக்கத்தில் இன்னும் உயிர் இருந்தது;
நிமிர்த்தி, கிழிசலுக்கு ஒட்டுவைத்து மாட்டினேன்.
ஒன்று மொட்டை, ஒன்று முக்காடு.
பேட் கனத்தைச் சாக்பீஸால் சுவரில் குறித்தேன்.
பிப்ரவரி தீர்ப்புச் சொல்லட்டும்.

ஆடுகளுக்கு வைக்கோல் இறக்கிவிட்டு
ஓடையைத் தாண்டி வருகிறோம்.
சேறு முழங்கால் உயரம்.
இறக்கத்தில் மிதிக்கிறேன்:
வண்டி வலப்பக்கம் சற்றே இழுக்கிறது,
யோசிக்கிறது,
பிறகு நேராகிறது.

“சத்தமே இல்லை, பார்த்தாயா” என்கிறான் மெர்ஃபின்,
இரண்டு கையாலும்
கைப்பிடியைப் பிடித்தபடி.