பதினோரு நிமிடம்

கிளாக்ஸ்விக்கில் சால்மன் அறுக்கும் இரவு வேலை எனக்கு.
ஆடு ஸ்வீனோய் தீவில்.
நடுவே கடல், ஒரு மலை, மலைமேல் ஒரு ரிலே கம்பம்.
கொட்டகை உத்தரத்தில் கேமராவைத் திருகியவன் ஹானுஸ்.
பதியும் பெட்டியை என் வீட்டு அலமாரியில்
கம்பளிக் காலுறைகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.
"இனி ஆடு உன் சட்டைப்பையில்" என்றான்.

இடைவேளைதோறும் கையுறை கழற்றி
செதில் ஒட்டிய விரலால் திறப்பேன்:
வைக்கோல், வாளி, சாம்பல்நிற முதுகு.
அங்கே அது தலை திருப்பி
மூன்று வினாடி கழித்துத்தான் இங்கே திருப்பும்.
அந்த மூன்று வினாடி எங்கே இருந்தது என்று கேட்டேன்.
"வரிசையில்" என்றான் ஹானுஸ்,
ரொட்டிக் கடையைச் சொல்வதுபோல்.

ஏப்ரல் கடைசியில் ஆலங்கட்டி மழை. கம்பம் ஆடியது.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது,
"ரன்வா!" என்று மேற்பார்வையாளர் கத்தும் வரை.

விடிந்து, முதல் படகுக்குக் காத்திருக்கையில்
பதிவை ஓட்டினேன்.
இரண்டு பதினேழு வரை ஆடு நிற்கிறது.
பிறகு பச்சைக் கட்டங்கள் அதன் விலாவைத் தின்ன,
ஒரு காலைத் தூக்கியபடி உறைந்துவிட்டது.
படம் பெரிய மூட்டை, வழியில் சிதறிப்போனது.
ஒலி பொடிசு; எந்தச் சந்திலோ நுழைந்து வந்திருக்கிறது.
அசையாத அந்த ஆட்டின் மேல்
தகரத்தில் ஆலங்கட்டி கொட்டும் சத்தம்,
ஒரு முனகல், மறுபடி முனகல்,
ஈரத் துணி தரையில் விழுந்தாற்போல் ஏதோ.
பிறகு நாக்கு. வெகுநேரம் நாக்கு.
பிறகு எண்ணெய் காணாத கீலைப்போல்
கீச்சென்று ஓர் உயிர்.

இரண்டு இருபத்தெட்டு. படம் குதித்தது.
இரண்டு ஆடுகள்.
எதுவுமே நடக்காததுபோல் வாளி.

படகில் ஏழு முறை பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.
தபால்பையோடு எதிரே இருந்த ஏய்டன்
என்ன பாட்டு அது என்றார்.
ஒரு காதிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.
வாங்கியவர் துறை வரும்வரை திருப்பித் தரவில்லை.

கொட்டகையில் குட்டி மடியை முட்டிக்கொண்டிருந்தது.
எனக்கு என்ன தோன்றியதோ,
போனை வைக்கோலில் வைத்து
அந்தக் கீச்சை உரக்க ஓடவிட்டேன்.
ஆடு நிமிர்ந்தது.
காலடியில் இருந்ததைத் தாண்டி வந்து
போனை மோந்தது.
தொண்டைக்குள்ளிருந்து பதில் ஒன்று,
பதிவில் எங்கும் இல்லாத சத்தம்.

நிறுத்திவிட்டேன்.
அது நகரவில்லை.
இருண்ட கண்ணாடியை
நக்கத் தொடங்கியது.